ஆட்டுச் சுரப்பிக் குளிசை

சிவமயம்
உடுப்பிட்டி
1936 வைகாசி

அன்புள்ள மகன் தில்லைநாதனுக்கு அப்பு எழுதுவது. பிள்ளையார் துணையால் இங்கே எல்லாரும் சுகம், இந்தமுறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம். ஈப்போவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தங்கச்சி குணலட்சுமியின் பிள்ளைக்கு முதற்சோறு தீற்றிய அன்று எடுத்த படத்தில் அம்மாவின் முகம் ஊதியிருக்கிறது, கண்ணிமை தடித்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று உன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்குத்தர் படத்தைப் பார்த்துச் சொன்னதாக நீ எழுதியிருந்தாய். தினமும் பார்க்கிற எங்களுக்குத் தெரியாதது கடல் கடந்த உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பங்குனி வெயிலிலும் போர்த்துக்கொண்டு படுப்பாள், குரல் கரகரத்துப் பேச்சும் குறைந்துவிட்டது, வயது போகிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம். கழுத்திலே ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் ஊறுவது இரத்தத்தோடு போய் உடம்பைச் சூடாகவும் புத்தியைச் சுறுசுறுப்பாகவும் வைத்திருக்குமாம், அம்மாவுக்கு அது வற்றிப்போயிற்று என்று இங்குள்ள ஆஸ்பத்திரி லேடி டாக்குத்தர் சொல்லிக் குளிசை தந்தார். எதில் செய்தது என்று அம்மா கேட்க, ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்து இடித்தது என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மச்சம் மாமிசம் தொடாத வாய் அல்லவா, போத்தலைத் திறக்கவே விடவில்லை, நான் கெஞ்சியும் பலனில்லை.

ஒருநாள் மத்தியானம் குணலட்சுமி கிணற்றடிக்குப் போக, பிள்ளை அடுப்புக்குக் கிட்டத் தவழ்ந்துவிட்டது. அம்மா கூப்பிட வாயெடுத்தாளாம், பேர் வரவில்லை, எழும்ப உடம்பும் வரவில்லை. நல்லகாலம் நான் உள்ளே வந்து தூக்கினேன். அவள் என்னைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை பேர் எனக்கு வரேல்லை. ஆட்டின்ரை எண்டாலும் பரவாயில்லை, அந்தக் குளிசையைத் தாங்கோ” என்றாள். முதலில் குளிர் விட்டது, பிறகு முகம் வற்றியது, இப்போது வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் காணாது, இன்னும் இறையுங்கோ என்று வேலிக்கு மேலால் என்னை ஏசுகிறாள், நானும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். குளிசையை ஆயுளுக்கும் விடக்கூடாதாம். படத்தைப் பார்த்து நோயைச் சொன்ன உன் பெரிய டாக்குத்தருக்கு என் கும்பிட்டை மறவாமல் சொல்லு. சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகு, இராப்பட்டினி கிடவாதே.

அம்மா பக்கத்தில் இருந்து ஒன்று சேர்க்கச் சொல்கிறாள். மலாயாவுக்குப் போகாதே என்று அழுதவள், நீ போனபிறகு என் கடிதங்களில் தன் பேரால் ஒரு சொல்லும் எழுதுவிக்கவில்லை அல்லவா. “நான் கோவமெண்டு தம்பி நினைச்சிருப்பான். கோவமில்லை, அவனை நினைக்கிறதுக்கும் எனக்குச் சத்தியில்லாமல் கிடந்தது எண்டு எழுதுங்கோ.”

எழுதிவிட்டேன். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு என்றும் உண்டு.

உன் அப்பு,
க. சோமசேகரம்