பாக்கி ஒன்பது நாள்

அன்புள்ள பாமா டீச்சரக்காவுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டில் மூன்று தடவை பாயசம் வாங்கினேன். மூன்றாவது தடவை அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உங்கள் அண்ணி நிறையவே ஊற்றினார்.

இனி பள்ளிக்கூடத்துச் சேதி. உங்கள் ஒன்றாம் வகுப்புக்கு ரெஜினா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். வலியசாலையில் அறை எடுத்திருக்கிறாள். உங்களைப் போலவே அவளுக்கும் இரண்டு வருஷம் புரொபேஷன். உங்களுக்கு ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போதுதானே மழையில் ஸ்கூட்டர் சறுக்கியது?

ஒரு திங்கட்கிழமை அவள் புதுப்பாடம் எடுக்கப் புத்தகத்தைத் திறந்தாள். பிள்ளைகள் ஒரே குரலில், "இது காலையிலே படிச்சாச்சு டீச்சரே" என்றார்கள்.

"யாரு நடத்துனா?"

"பெல்லடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற டீச்சர். கண்ணாடி போட்டிருப்பாங்க. சாரி நனஞ்சிருக்கும்."

அக்கா, அந்தப் பிள்ளைகள் உங்களைப் பார்த்ததே இல்லை. நீங்கள் போன பிறகு சேர்ந்தவர்கள்.

மறுநாள் அடுப்பு மூட்ட வந்தேன். மழையே இல்லை. வராந்தாவில் ஈரக் கால்தடம். கேட்டிலிருந்து வகுப்புக்குள் போகிறது, திரும்பி வரவில்லை. துடைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ரெஜினா நான் சமைக்கிற கஞ்சிப்புரைக்கு வந்து அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கக்கா. எழுதிக் குடுத்துட்டுப் போயிரவா? போனா இனி வேலை கிடைக்காது. வீட்டுல நான் மட்டும்தான்."

"போகாத மோளே. அவங்களுக்கு ஒம்பது நாள் டியூட்டி பாக்கி. முடிச்சிட்டுப் போகட்டும்."

"அவங்களுக்கும் புரொபேஷனா?"

"பின்னே? உனக்கு மட்டும்தானா சட்டம்?"

சனி, ஞாயிறைத் தள்ளி, அந்தத் திங்கள் முதல் காலண்டரில் ஒன்பது புள்ளி வைத்தோம். பத்தாம் நாளும் பிள்ளைகள் "படிச்சாச்சு" என்றார்கள். ரெஜினா ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, கிளார்க்கிடம் அந்தத் திங்கள் முதல் டியூட்டி நாட்களை எண்ணச் சொன்னேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

"இடையிலே ஒரு ஹர்த்தால் வந்துச்சே. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நாளு டியூட்டியிலே சேராது, கேட்டோ. இன்னையோடதான் ஒம்பது."

ரெஜினா என்னைப் பார்த்தாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஹர்த்தாலன்றும் வந்தீர்களா அக்கா? பூட்டிய வகுப்பில் யாருக்கு நடத்தினீர்கள்?

சனி, ஞாயிறு கழிந்து திங்களன்று அவள் புத்தகத்தைத் திறந்தபோது நான் ஜன்னலோரம் நின்றேன். பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் திருதிருவென்று விழித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவள் புரொபேஷன் முடிகிற வரைக்கும் தினமும் காலையில் அந்த வராந்தாவை நானே துடைப்பேன். ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடைப்பேன். இது சத்தியம்.

ஜன்னலோரம் நின்றதில் அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. பிள்ளைகள் முட்டையை மட்டும் தின்றார்கள். ஹெட்மாஸ்டர் விளக்கம் கேட்டார். பாமா டீச்சர் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என எழுதிக் கொடுத்தேன். சீல் வைத்து ஃபைலில் சேர்த்துவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
கஞ்சிப்புரை செல்லம்மா