நீலச் சட்டை

மச்சானுக்கு,

நீ நலமாக இருப்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிட்டேன்.

கட்சித் தலைவர் தேர்தல் முடிவைப் பார்க்க என் தையல் கடையில் தெருவே கூடியிருந்தது. நம்மவர் தோற்றுப்போனார். ஜெயித்தவருக்குப் பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி நீலச் சட்டையில் இருந்தார்கள். அதில் நீயும் ஒருவன். போன வாரம், "ஆபீஸ் விழாவுக்கு, மாப்ளே" என்று துணி கொடுத்து என்னிடமே தைத்து வாங்கிய சட்டை. அதைப் போட்டுப் பார்த்தபோதுகூட கண்ணாடி முன்னால் நின்று, "நம்ம ஆளுதான் ஜெயிப்பாரு" என்றாய்.

"அது உங்க மச்சான்தானே?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உன் தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலமே, நம்மவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய மூன்று பேர் அதே நீலத் துணியோடு வந்தார்கள். தைத்துக் கொடுப்பேன், அது என் பிழைப்பு. நீ மட்டும் இனி வேறு கடை பார்த்துக்கொள்.

உன் தங்கையின் கணவன்