பஞ்சுப் போர்வையின் உறை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் டெல்லியில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன குளிரில் மேடத்தின் கம்மல் தொலைந்தபோது, விருந்தாளிகள் முன்னால் என் பையைக் கொட்டிச் சோதித்தாரே, நினைவிருக்கிறதா? இந்தக் குளிருக்கு முன், ஒரு வருஷமாக யாரும் தொடாத பஞ்சுப் போர்வைகளைத் துவைக்க எடுத்தேன். ஓர் உறைக்குள் கம்மல் கையில் தட்டுப்பட்டது. எடுக்கவில்லை. ஞாயிறன்று அதே விருந்தாளிகள் டீ குடிக்கும்போது அந்த உறையை அப்படியே கொண்டுபோய், “நீங்களே உதறுங்க மேடம், நான் தொட்டா உங்க வூட்டுல ஏதாச்சும் காணாம போயிடும்” என்றேன். கம்மல் டீத் தட்டில் விழுந்தது.

கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை. ஜோசப் ராஜ் அண்ணன் டெல்லிக்கு வரப் பொம்மிடியில் ரயிலேறும்போது என் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள், குளிர் தாங்கவில்லை. மேடம் சமாதானத்துக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார். அதை வைத்துத்தான் ஃபேன் துடைக்கிறேன். இன்னும் இரண்டு இறக்கை பாக்கி, வருகிறேன்.

உங்கள் மகள்
கேத்தரின்