இரண்டு சர்வர், அறுபத்து நான்கு பெட்டி

அக்டோபர் 17, புதன்

காலையில் தூறல். சிப்காட் ரோட்டில் சேறு. பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

இன்றைக்கு: லேபிள் ரோல் நான்கு வாங்க. ஸ்கேனர் கண்ணாடி துடைக்க. அக்கா புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க (மறந்தாயிற்று).

சர்வர் வந்துவிட்டது! பதினைந்து நாள் முன்பு கூரை ஒழுகி, நனைந்து, செத்துப்போன அதே ஓசூர் சர்வர். அன்று அரை மணி நேரத்தில் பெங்களூர் ஆபீசில் இருக்கும் இரண்டாவது சர்வர் வேலையை ஏற்றுக்கொண்டது. அப்போதிலிருந்து நான் இங்கே ஓசூரில் பெட்டிக்கு லேபிள் ஒட்டி ஸ்கேன் செய்தால் பதிவது அங்கே. இன்று பெங்களூர் ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் ரேகா மேடம் பழையதை ரிப்பேர் செய்து காரில் கொண்டுவந்தார்.

கேபிளுக்கெல்லாம் பெயர் ஒட்ட ஆள் கேட்டாராம். டிஸ்பாட்ச் நாகராஜ் சார் என்னைக் கை காட்டினார். "லேபிள் கோணாம ஒட்டுவா மேடம். பேச மட்டும் மாட்டா."

சர்வர் ரூமுக்குள் முதல் தடவை. ஏ.சி. குளிரில் பல் கிட்டியது. முப்பத்தொரு லேபிள், ஒன்றும் கோணவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் என்று யாரும் கேட்கவில்லை.

மேடம் எங்கள் கம்ப்யூட்டர்களோடு சேர்க்கும் ஒரே ஒரு கேபிளை மட்டும் மாட்டாமல் விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "இவன் பதினஞ்சு நாள் தூங்கினவன். எழுந்ததும் தான்தான் இன்னும் பெரியவன்னு நெனச்சுக்குவான். நடுவுல நடந்தது எதுவும் தெரியாது. அதனால ஞாயித்துக்கெழம வந்து இவன் தலைல இருக்கறத சுத்தமா அழிச்சிட்டு, பெங்களூர்ல இருக்கறத முழுசா ஊத்தி, அப்புறம்தான் இந்தக் கேபிள். கொத்தாய்த்தா?"

புரிந்ததா என்று கன்னடத்தில். தலையாட்டினேன். 'தொடக் கூடாது' என்று தாளில் எழுதச் சொன்னார். என் கையெழுத்து சர்வர் ரூமில்!

அக்டோபர் 19, வெள்ளி

வெயில். ஆயுத பூஜை நாளைக்கு. கம்பெனியில் இன்றே.

எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம், குங்குமம், பூ. ஸ்கேனருக்கு நான் வைத்த பொட்டு கொஞ்சம் பெரிது. எலெக்ட்ரீஷியன் முருகேசன் அண்ணன் தீபாராதனைத் தட்டோடு முன்னால். சந்தனக் கிண்ணத்தோடு நான் பின்னால். எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு அவர்தான். இந்த வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

தீபாராதனை முடிந்ததும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதுதான் இங்கே முறை. சர்வர் ரூமில் பொட்டு வைக்க இடம் இல்லையென்று அண்ணன் என் தாளைப் பிய்த்தார். அப்புறம் தொங்கிக்கொண்டிருந்த கேபிளைப் பார்த்தார்.

"அண்ணா, அது..."

"பூசையன்னிக்கு ஒரு மிசினு செத்தாப்புல கெடந்தா வருசம் பூரா நின்னு நின்னு போகும் புள்ள. ஒருக்கா ஓடட்டும். சாயந்தரம் புடுங்கிப்புடலாம்."

மாட்டினார். பச்சை விளக்குகள் படபடவென்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் கடைசி லாரிக்கு லோடு. ஒட்டும்போது கை நின்றுவிட்டது. காலையில் ஒட்டிய கடைசிப் பெட்டி நம்பர் 21040. இப்போது 18313. மழை நாளில் விட்ட இடம். என் கம்ப்யூட்டர் அணைத்துப் போட்டதும் முதலில் ஓசூர் சர்வரைத் தேடும், கிடைக்காவிட்டால்தான் பெங்களூர். தேடியிருக்கிறது. கிடைத்துவிட்டது.

நாகராஜ் சாரிடம் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில்.

"நம்பரா? நம்பர் அதும்பாட்டுக்கு வரும்மா. சுண்டல் தின்னியா? லாரி நிக்குது, ஒட்டு."

ஒட்டினேன். 64 பெட்டி. சாயங்காலம் அண்ணன் கேபிளைப் பிடுங்கி, தாளையும் பழையபடி ஒட்டிவிட்டார்.

அக்டோபர் 20, சனி

லீவு. பொரி, கடலை. அக்கா இரண்டு ஆட்டம் தாயம் ஜெயித்தாள்.

எனக்கு மனசு அங்கேயே. அது பிரேக் சாமான். எந்தப் பெட்டியில் எந்த லாட், அதாவது எந்தத் தடவை வார்த்தது, என்பது சர்வரில் மட்டும். ஒரு லாட்டில் விரிசல் என்று தெரிந்தால் பெட்டி நம்பரை வைத்துத்தான் திரும்ப எடுப்பார்கள். இப்போது ஒரே நம்பரில் இரண்டு பெட்டி. அந்த 64 பெட்டியின் விவரம் ஓசூர் சர்வருக்குள் மட்டும். நாளைக்கு மேடம் அதைத்தான் அழிக்கப் போகிறார்.

முருகேசன் அண்ணன் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூடினார்.

"நெசமாவா?"

"ஆமாண்ணா."

"கான்ட்ராக்ட் ஆளு நானு. தெரிஞ்சா கேட்டுக்கு வெளியதான். வாய மூடிக்க புள்ள. ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

பொரி கொடுத்தனுப்பினார். சாப்பிடவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணி. சோதனை ஸ்கேனுக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ரேகா மேடம் கீபோர்டில். கரண்ட் பார்த்துக்கொள்ள அண்ணன் கதவருகில். என்னைப் பார்க்கவே இல்லை.

திரையில் ஒரு கேள்வி, ஆமாம் / இல்லை. மேடம் விரலை நெட்டி முறித்தார். "சரி, பாய் பாய் பழையவனே."

"மேடம் வேணாம்!"

என் குரல்தான். ஏ.சி. சத்தத்தையும் தாண்டி.

அப்புறம் துண்டு துண்டாகத்தான். "வெள்ளிக்கெழம... அறுபத்து நாலு... அது இதுலதான் இருக்கு." யார் மாட்டியது என்று கேட்டார். தரையைப் பார்த்தேன். நானே மாட்டினேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நாந்தான் மேடம்," என்றார் முருகேசன் அண்ணன். "பூசைக்கு. அந்தப் புள்ள தடுக்கப் பாத்துச்சு."

மேடம் முகம் வெளுத்துவிட்டது. கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "ஐயோ தேவரே! ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பெரியவனா இருந்திருக்கானுங்க!" திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. படி. நான் அடிக்கறேன்."

நான்! சர்வர் ரூமில், நாற்காலியில்!

முதலில் பழையதில் இருந்து 64 வரியையும் தாளில் எடுத்தோம். நம்பர், லாட், எடை. நான் படிக்க, அவர் பெங்களூர் சர்வரில் புது நம்பர் போட்டு ஏற்றினார். 21041 முதல் 21104 வரை. 37-ஆவது வரியில் லாட்டைத் தப்பாக அடித்தார். "மேடம், ஏழு இல்ல, ஒண்ணு." திருத்தினார். இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் 'ஆமாம்'. அழிந்தது.

பெங்களூரில் இருந்து எல்லாம் ஊற்றி முடிக்க நாலு மணி நேரம். அண்ணன் வாங்கி வந்த புளிசாதம். மூன்று மணிக்கு இரண்டிலும் கடைசி நம்பர் ஒன்றே. பெங்களூரை நிறுத்தி, ஓசூரைப் பெரியவனாக்கி, பெங்களூரைத் துணையாக்கி, அப்புறம் அந்தக் கேபிள். மேடம் என்னையே மாட்டச் சொன்னார். டக்.

சோதனை ஸ்கேன்: 21105! குதித்துவிட்டேன்.

ஆனால் அந்த 64 பெட்டிகள் ஏற்கெனவே சாமான் வாங்கும் பார்ட்டியின் கோடவுனில், பழைய நம்பரோடு. நல்லவேளை அங்கேயும் பூஜை லீவு. நாளை முதல் ஷிஃப்ட் ஆட்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் புது லேபிள் ஒட்டியாக வேண்டும். "எல்லாத்துக்கும் ஒட்டியாச்சுன்னா ரிப்போர்ட்ல 'சரி செய்யப்பட்டது'ன்னு எழுதுவேன்," என்றார் மேடம். "ஒண்ணு விட்டாலும் அப்படி எழுத முடியாது முருகேசன்."

அண்ணன் காலையில் வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அக்டோபர் 22, திங்கள்

பனி. நாலே முக்காலுக்கு வேன். நானும் அண்ணனும். மடியில் 64 லேபிள். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு வார்த்தை: "பசிக்குதா?"

அங்கே கோடவுன் என் டிஸ்பாட்ச்சைப் போல ஐந்து மடங்கு. ஏழு மணிக்கு ஷிஃப்ட். அண்ணன் பெட்டியைத் திருப்ப, நான் பழைய நம்பரைப் படித்துப் பார்த்து மேலேயே புதுசு. பத்து. முப்பது. விரலெல்லாம் பசை. ஐம்பத்தெட்டு. ஆறே முக்காலுக்கு அறுபத்து மூன்று.

ஒன்று இல்லை. 18350. புதுசு 21078.

ராக் ராக்காகத் தேடினோம். அண்ணன் முகத்தில் வேர்வை, அந்தப் பனியிலும். "போச்சு புள்ள. மிசின் லைனுக்கு எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

நான் கோடவுனின் மறுகோடிக்கு ஓடினேன். ஸ்டோர் இன்சார்ஜ், பெரிய மீசை, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து ஆட்கள். அவர் காலுக்கு நடுவில் லேபிள். 18350.

"சார், எந்திரிங்க."

கேட்கவில்லை போல. சட்னியைத் தொட்டார்.

"சார்! எந்திரிங்கன்னு சொல்றேன்!"

கோடவுன் முழுக்க எதிரொலித்தது. தட்டோடு எழுந்து நின்றார். ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அறுபத்து நான்காவதை ஒட்டினேன். கோணவில்லை.