என் முதுகை நீ பார்த்த நாள்

இன்று காலை குளிக்கப் போனபோது மகள் புதிதாக ஒரு சிவப்புச் சோப்பு வைத்திருந்தாள். உறையைப் பிரித்ததும், நாம் சேர்ந்து வேலை பார்த்த பீன்யா ஃபேக்டரியின் குழாயடி வாசனை. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய்.

தொண்ணூற்றாறாம் வருஷமாக இருக்கும். நம் இருவருக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து, சட்டையைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக்கொண்டிருந்தோம். "டேய், முதுகெல்லாம் என்னடா இத்தன மரு? போன மாசம் இல்லியே" என்றாய். எனக்கு அரிப்பு இருந்தது. வேர்க்குரு என்று நினைத்திருந்தேன்.

நீ விடவில்லை. கிளினிக்குக்கு இழுத்துப் போனாய். டாக்டர் களிம்பு எழுதினார். "வயசானா ஒண்ணு ரெண்டு வரும் சார். மூணு வாரத்துல முதுகு பூரா எப்படி வரும்? ஆளும் இளைச்சுட்டான்" என்று மல்லுக்கு நின்றாய். "ஆய்த்தப்பா, சரி, பிளட் டெஸ்ட் எழுதறேன்" என்றார் அவர்.

பயத்தில் நான் டெஸ்ட்டுக்குப் போகவில்லை. நீ வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டாய். அந்தக் கோபத்தில் நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் என் லேத் பக்கம் வந்தாய். "எங்கூடப் பேசாத, பரவால்ல. ரத்தத்த மட்டும் குடுத்துட்டு வா."

கொடுத்தேன். வெள்ளையணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருக்கள் திடீரென்று கூட்டமாகக் கிளம்புவது, அபூர்வமாகச் சிலருக்கு, உள்ளே இருக்கும் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். "யார் இத கவனிச்சது?" என்று கேட்டார். நீ கூச்சப்பட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாய்.

மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை. நீ பஸ் மாறி மாறி வந்து, சூப்பர்வைசர் நடப்பதுபோல் நடந்து காட்டிச் சிரிக்கவைத்தாய். மாதங்கள் போயின. நோய் அடங்கியது. மருக்களும் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டன. மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நீதான்.

போன வருஷம் உன் இதயம் நின்றபோது, அதற்கு முன் எந்த அடையாளமும் இல்லையே என்று உன் வீட்டு வாசலில் நின்று அழுதேன். நீ எனக்குப் பார்த்ததுபோல் உனக்காகப் பார்க்க எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

சென்ற மாதம், நான் இப்போது குடியிருக்கும் சந்தாபுராவில் பக்கத்து வீட்டுக்காரர், கையெல்லாம் புதிதாக மரு என்றார். நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. "சும்மா பயமுறுத்திட்டீங்களே" என்று சிரித்தார். வீடு வரும்வரை நானும் சிரித்துக்கொண்டே வந்தேன். அடுத்தவர் உடம்பை அக்கறையோடு பார்க்கும் உன் கண் இப்போது எனக்கும் வந்திருக்கிறது.