சாமி பங்கு

வெள்ளி, இரவு

இன்னும் கோபம் அடங்கவில்லை. கிரிவலப் பாதையில் இருக்கும் லாட்ஜ் முதலாளியின் வரிக் கணக்கைப் பார்க்கப் போனேன். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் காட்டவே இல்லை.

"அது அண்ணாமலையார் பங்கு சார். சாமிகிட்டயே வரி கேப்பீங்களா?" என்றார்.

கோயிலில் கட்டிய ரசீதைக் கேட்டேன்.

"ஆடிட்டர்னா சாமி பயம் வேணாமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

சரி, பணம் எங்கே என்றேன். வாசலில் நின்ற புதுக் காரைக் காட்டினார். "கண்ணாடியில பாருங்க, அண்ணாமலையார் துணைனு எழுதியிருக்கு இல்ல?"

வேறு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன். வெளியே மழை.

"சாமி வண்டியிலயே விடச் சொல்றேன் சார்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நனைந்துகொண்டே வந்தேன். தும்மல் நிற்கவில்லை. காய்ச்சல் வந்தால், சாமி குத்தம் என்று ஊரெல்லாம் சொல்வான், பாவி.