முகமூடிக்குள் ஒரு மூச்சு

நிலவுத் தென்முனை நிலையம். மருத்துவப் பதிவு. எழுதுபவர்: மருத்துவர் மெய்யம்மை.

திங்கள், காலை
மூச்சுப் பரிசோதனை முடிந்தது. குழாயில் ஊதினால் லேசர் ஒளி அந்த மூச்சைக் கடந்துபோகும். ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை விழுங்கும். குறைந்த நிறத்தை வைத்து நோயைச் சொல்லிவிடலாம். இங்கே நானும் பொறியாளர் இன்னாசியும் மட்டுமே. அவருக்குக் கார்பன் மோனாக்சைடு சற்றுக் கூடுதல். களவாகப் புகைக்கிறாரா என்று கேட்டேன். "ஆமா டாக்டர், நெலாவுல பெட்டிக்கடை இருக்குல்லா" என்றார். தூத்துக்குடிக்காரர்.

செவ்வாய், காலை
அவருக்கு மூன்று மடங்கு. எனக்கும் அதே. இருவருக்கும் ஒரே அளவில் ஏறினால் அது நோயல்ல. கோளாறு உடம்பில் இல்லை, காற்றில். எங்கோ புகைகிறது. எச்சரிக்கை மணி இந்த அளவுக்கு அடிக்காது. தலைவலி.

செவ்வாய், பகல்
பேட்டரி அறை. சுவருக்குள் மின்கம்பி உறை கனன்றுகொண்டிருக்கிறது. நிரம்பிய ஆக்சிஜன் உருளை ஒன்றுதான் இருந்தது. இன்னாசி அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். புகை பரவாமலிருக்கக் கதவை நான் பூட்டினேன். அவர் முகமூடிக்குள் ஒரு சிறு லேசர் உண்டு. அவர் மூச்சு என் திரையில் கோடாக ஓடுகிறது.

செவ்வாய், சற்றுப் பின்
வானொலி உரையாடல், அப்படியே:
"சுவத்துப் பலகையப் பிரிச்சிட்டேன் டாக்டர். உள்ள தீ கெடக்கு."
"உருளை தீரப்போகுது. வெளிய வாங்க இன்னாசி."
"இப்பத் தொறந்தா பொகை அம்புட்டும் உங்க பக்கம் வந்துரும்."
"நான் தொறக்கிறேன்."
"தொறக்காதிய டாக்டர். இன்னும் கொஞ்சந்தான்."
என் கை கதவுப் பிடியில் இருந்தது. திறக்கவில்லை.

செவ்வாய், மாலை
"அணஞ்சிட்டு" என்றார். அதன்பின் பேச்சில்லை. உருளை தீர்ந்து, அறைப் புகைதான் அவர் மூச்சில் போனது. மோனாக்சைடு கோடு திரையைத் தாண்டியது. கரியமில வாயுக் கோடு, மனிதன் வெளிவிடுவது, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிறுத்தது. இப்போது நேராகப் போகிறது. கருவியைச் சோதித்தேன். பிழையில்லை. மறுபடி சோதித்தேன்.

புதன், காலை
என் மூச்சில் மோனாக்சைடு குறைகிறது. சோற்றைச் சூடாக்கித் தின்றேன். ருசி தெரியவில்லை. அழுகை வரவில்லை. வாயுவின் விளைவாக இருக்கலாம். குறித்து வைக்கிறேன்.

பூமியிலிருந்து: "மெய்யம்மை, இன்னாசி வீட்டம்மா லைன்ல இருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசணுமாம். அவரைக் கூப்பிடுறீங்களா?"

பேட்டரி அறையில் காற்று சுத்தமாகிவிட்டது. கதவை இப்போது திறக்கலாம். ஆபத்தில்லை. நான் இன்னும் திறக்கவில்லை.